பதினெட்டு முடிந்த பெரியம்மா

“குழந்தைங்கன்னா வளரும்மா. நாளைக்கு இங்கயே வேலைக்கு வரும். கிழவிங்க வளர்ந்து இன்னா ஆவப் போறாங்க?”

எங்கள் கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர் இதைக் கேட்டபோது சிரிக்கவில்லை. உண்மையான சந்தேகமாகத்தான் கேட்டார். அவர் கையில் நான் எழுதிக் கொடுத்த ஒன்றரைப் பக்கக் கடிதம் இருந்தது. கம்பெனிக்குள் காலியாகக் கிடக்கும் குழந்தைகள் காப்பகத்தில், வேலைக்கு வரும் பெண்களின் வீட்டில் இருக்கிற வயதானவர்களைப் பகல் நேரத்தில் உட்கார வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். அவர் அதை முழுக்கப் படித்தாரா என்று தெரியாது. என் கையெழுத்துக்குக் கீழே நான் போட்டிருந்த பட்டத்தை மட்டும் படித்தார் என்று தெரிந்தது. “எம்.எஸ்.டபிள்யூ. படிச்சா இப்படியெல்லாம் தோணும்” என்று கடிதத்தை நான்காக மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்தார். மேசையில் கறை படியாமல் இருக்க அது உதவியது.

சமூகப்பணியில் முதுகலை என்கிற அந்தப் பட்டத்தை எதற்குப் போட்டாய் என்று கேட்பவர்களுக்கு: போடுவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போன ஒரே ஆள் என் அப்பா. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார். அவர் இப்போது இல்லை. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும், அதுவும் சம்பளத் தாளில் பழகியது. எனக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தால் மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிய எழுத்தில் என் பட்டம் வரும். மாப்பிள்ளை இன்னும் கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. நலப்பிரிவு உதவியாளர். நலம் என்றால் பெரும்பாலும் பதிவேடு. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறதா என்று ஒரு பதிவேடு. கழிப்பறை கழுவியாயிற்றா என்று ஒரு பதிவேடு. குறை சொல்கிறவர்களுக்கு ஒரு பதிவேடு, அதில் யாரும் குறை சொல்லவில்லை என்று மாதக் கடைசியில் நான் எழுதுவதற்கு இன்னொரு பதிவேடு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் எல்லாம் என்னிடமே வந்து சேர்ந்தன.

காப்பகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்கள் இத்தனை பேர் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இருக்கிறது. சுவரில் முயல், யானை, சிரிக்கும் சூரியன். நான்கு தொட்டில், எட்டு சின்ன நாற்காலி, பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்று. குழந்தைதான் கிடையாது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவள் இடுப்பில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவாள்? மூன்று வயதானதும் எல்.கே.ஜி. வேன் வாசலுக்கே வந்துவிடுகிறது. அதோடு, எங்கள் கம்பெனியில் பாதிப் பெண்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் ஓசூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். வீட்டில் மிச்சமிருப்பது மாமியாரும் அம்மாவும்தான்.

எங்கள் வீட்டில் மிச்சமிருந்தது பெரியம்மா, அம்மாவின் அக்கா. பிள்ளையில்லை, புருஷனும் போய்விட்டார். இதே கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தவர். தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்டுகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என் கல்லூரிக் கட்டணம் பாதி போனது. ரிடையர் ஆகிச் சில வருஷம் நன்றாக இருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறக்க ஆரம்பித்தது. சாப்பிட்டதை மறந்தார். என் பெயரை மறந்து ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. ரிடையர் ஆனதை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டார்.

காலை ஆறரைக்குப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் நெடுஞ்சாலையை ஆறு வரிசையும் குறுக்கே கடந்து கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டார். லாரிக்காரர்கள் எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை. செக்யூரிட்டி எனக்கு போன் செய்தார். “மேடம், உங்க பெரிம்மா வந்து ஐடி கார்டு வீட்ல மறந்துட்டேன், உள்ள வுடுன்றாங்க.”

அன்றைக்கு மறுநாள் அம்மா பூட்டு வாங்கினாள்.

வெளியிலிருந்து பூட்டினால் காலை ஆறே முக்காலுக்குப் பூட்ட வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். உள்ளே சோறு, தண்ணீர், ஓடுகிற டி.வி. ஜன்னல் வழியாகப் பெரியம்மா தெருவில் போகிறவர்களிடம் கேட்பாராம்: “பஸ் போய்டுச்சா?” போகிறவர்கள், “இல்ல, வரும் வரும்” என்பார்களாம். நாள் முழுக்க வரும் வரும் என்றே ஓடும்.

அம்மா ஏழு மாதம் பூட்டினாள். பிறகு, “நான் வேலைய வுட்டுடறேன்” என்றாள்.

“நான் வுடறேம்மா” என்றேன்.

“செருப்பு பிஞ்சிடும். உன்ன படிக்க வெச்சது எங்கக்காவ காவல் காக்கறதுக்கா?”

போன வருஷம்தான் அம்மா இதே கம்பெனியில் லைன் லீடர் ஆகியிருந்தாள். மடிப்புப் பிரிவில் லைன் லீடரான முதல் பெண். அதற்காகக் கொடுத்த மஞ்சள் கோட்டை மற்றத் துணிகளோடு ஊற வைக்க மாட்டாள், தனியாகத் துவைப்பாள். அந்தக் கோட்டை எடுத்து மடித்து, “மாசக் கடைசில திருப்பிக் குடுத்துடறேன்” என்று அலமாரி மேல் வைத்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கடிதம் எழுதினேன்.

எழுதுவதற்கு முன் படித்தவள் செய்கிற மாதிரி கள ஆய்வும் செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் நின்று கேட்டேன். “வீட்ல அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கறவங்க கை தூக்குங்க.” அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கை. “வயசானவங்கள வுட்டுட்டு வந்திருக்கறவங்க?” சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையெல்லாம் சோற்றோடு மேலே போனது.

“பூட்டிட்டு வர்றவங்க?” என்று கேட்டேன்.

ஒரு கையும் மேலே போகவில்லை. எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். கடைசி மேசையில் ஒரு அக்கா மட்டும் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க மாமியார் என்ன உள்ள வெச்சு பூட்டுச்சு, கல்யாணம் ஆன புதுசுல. இப்ப நான் பூட்டறேன். சரியா போச்சு.” சிரிப்பு வந்தது. சிரித்தவர்கள் எல்லார் இடுப்பிலும் சாவி இருந்தது.

அந்தக் கடிதம்தான் டீ கிளாஸுக்கு அடியில் போனது.

அதே மாதம் கம்பெனியில் மகளிர் தினம் கொண்டாடினோம். ஆளுக்கொரு ரோஜா, கேக் ஒரு துண்டு, கோலப் போட்டி. வேலூரிலிருந்து ஒரு பெண்கள் சங்கத் தலைவி சிறப்பு விருந்தினராக வந்தார். தலைப்பு, ‘முதுமையைப் போற்றுவோம்’. நாட்டில் முதியவர்கள் பெருகி வருகிறார்கள், அவர்களை வீட்டில் தனியாக விடுவது பாவம், மருமகள்கள் மனம் மாற வேண்டும் என்றார். எல்லாரும் ரோஜாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மகன்களைப் பற்றிப் பேச நேரமில்லை, அவருக்கு அடுத்த விழா இருந்தது. கூட்டம் நீண்டதால் பஸ் முக்கால் மணி நேரம் தாமதமானது. என் அம்மா ரோஜாவைக் காம்பிலிருந்து ஒவ்வொரு இதழாகப் பிய்த்து, கேட்டில் தொங்கிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆடிட் வந்தது.

ஷூ கம்பெனியில் ஆடிட் என்றால் கோயில் கும்பாபிஷேகம் மாதிரி. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பும். தொழிலாளிகள் நன்றாக நடத்தப்படுகிறார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதற்கு முந்தின வாரமே தரை பளபளக்கும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு நிரம்பும், எல்லாருக்கும் முகமூடி வரும். கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று லைன் லைனாக நிற்க வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். காப்பகத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து குழந்தைகளைக் கூட்டி வருவோம். பிஸ்கட் பாக்கெட், பலூன், அரை நாள் தொட்டில். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்து வழிவழியாக வந்த முறை.

இந்த முறை குழந்தை கிடைக்கவில்லை. வழக்கமாகத் தொட்டிலில் படுக்கிற பையன் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான். அவனைப் படுக்க வைத்தால் கால் தரையில் இடிக்கும். மற்றதுகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. தெருத் தெருவாக அலைந்தேன். ஒரு வீட்டில், “இருக்கற ஒண்ணயும் ஆடிட்டுக்கு அனுப்ப மாட்டோம்” என்று கதவைச் சாத்தினார்கள். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் யாராவது ஒரு கிழவி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் போனில் கத்தினார். “காப்பகம் காலியா இருந்தா மொத்த ஆர்டரும் பேஜாராயிடும். எப்படியாவது ரொப்பு!”

ரொப்பினேன்.

ஐந்து பேர். பெரியம்மா, ரசத்தைப் பார்த்துப் பேசிய அக்காவின் மாமியார், பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண்ணின் அம்மா, அவரோடு இரட்டையர் போல ஒரே நிறத்தில் புடவை கட்டியிருந்த அவருடைய சம்பந்தி, இன்னொரு பிரிவில் மகள் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் பாட்டி. அவர் சின்ன நாற்காலியைப் பார்த்துவிட்டு, “அரே பேட்டா, இதுல உக்கார்றது ஈஸி. எழுந்திருக்க கிரேன் வருமா?” என்றார். மாமியார் தொட்டிலைத் தட்டிப் பார்த்து, “எனக்கு இதான் வேணும், கொஞ்ச நாள்ல எப்படியும் நாலு பேர் ஆட்டப் போறாங்க” என்றார். முயல் படத்துக்குக் கீழே ஐந்து பேரும் பிஸ்கட் தின்றார்கள். பலூனை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆடிட் செய்ய வந்தவர் பெங்களூரிலிருந்து வந்த மேடம், என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். கையில் டேப்லெட். மேனேஜர் சிரித்துக்கொண்டே காப்பகக் கதவைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, உதடு மட்டும் திறந்திருந்தது.

“குழந்தைகள் எங்கே?” என்று அந்த மேடம் கேட்டார், தமிழில்தான்.

யாரும் பதில் சொல்வதற்கு முன் பெரியம்மா எழுந்து நின்றார். டேப்லெட்டைப் பார்த்துவிட்டார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். சாப்பிட்டதை மறந்தவர், என் பெயரை மறந்தவர், கம்பெனி சொல்லிக் கொடுத்த எதையும் மறக்கவில்லை.

“ஓவர்டைம் கட்டாயம் இல்லீங்க மேடம். வாரத்துக்கு ஒரு நாள் லீவு உண்டுங்க. குடிக்கிற தண்ணி நல்லா இருக்குங்க. யாரும் திட்ட மாட்டாங்க. நெருப்பு புடிச்சா அந்தப் பக்கம் பச்சைக் கதவு வழியா போவோமுங்க.”

பச்சைக் கதவு இருந்த இடத்தில் இப்போது சரக்கு லிஃப்ட் இருக்கிறது.

“உங்களுக்கு என்ன வயசும்மா?” என்று மெதுவாகக் கேட்டார் அந்த மேடம்.

“பதினெட்டு முடிஞ்சிடுச்சுங்க மேடம்.”

யார் வயது கேட்டாலும் சொல்லச் சொல்லி அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்த பதில் அது. மாமியார் பிஸ்கட் துகள் பறக்கச் சிரித்தார். “எனக்கு இன்னும் முடியலீங்க!” என்றார். ஆனால் அந்த மேடம் சிரிக்கவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் பெரியம்மா பிஸ்கட் தாளின் ஓரத்தை மடித்துத் தொடையில் வைத்துத் தட்ட ஆரம்பித்தார். மேடம் என்னிடம் யார் இவர்கள் என்று கேட்டார். தொழிலாளிகளின் வீட்டுப் பெரியவர்கள், பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் என்று உண்மையைச் சொன்னேன். என்றைக்கிலிருந்து என்று அவர் கேட்பதற்குள் மேனேஜருக்கு உயிர் வந்துவிட்டது.

“நம்ம பாலிசி மேடம்! முதுமையைப் போற்றுவோம்னு ரொம்ப நாளா நடத்திட்டு வர்றோம்.”

அறிக்கை வந்தது. ‘மற்ற நிறுவனங்கள் பின்பற்றத்தக்க நல்ல முயற்சி.’ பாராட்டுச் சான்றிதழ் ஒன்றைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். பக்கத்தில் படம்: ஐந்து கிழவிகள், ஒரு முயல், நடுவில் மேனேஜர் பலூனோடு. காப்பகத்தில் ஆடிட் முடிந்த அன்று சாயங்காலமே பூட்டு விழுந்தது. எங்கள் வீட்டிலும் மறுநாள் காலை விழுந்தது. மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. அம்மா அலமாரி மேலிருந்த கோட்டை எடுத்து, பட்டன் ஒன்று தொங்குகிறதென்று தைத்து வைத்தாள். திருப்பிக் கொடுக்கும்போது குறை இருக்கக் கூடாதாம்.

அறிக்கையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அடுத்த வருகையில் முதியோர் வருகைப் பதிவேடு பார்க்கப்படும். மேனேஜர் அந்த வரியைத் தாமதமாகத்தான் படித்தார். என்னைக் கூப்பிட்டுப் புதிய நீளப் பதிவேடு ஒன்றைக் கொடுத்தார்.

“போன ஆறு மாசத்துக்கும் எழுதிடும்மா. ஒரே பேனால எழுதாத, மாத்தி மாத்தி எழுது. நடுவுல ரெண்டு பேருக்கு ஜுரம்னு ஆப்சென்ட் போடு, அப்பத்தான் நம்புவாங்க. உன் கையெழுத்துதான் அழகாச்சே.”

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. என்னை அழகாக எழுதுகிறவள் என்று சொன்னால் நான் கொஞ்சம் இளகிவிடுவேன். கட்டம் போட்டேன். முதல் தேதி எழுதினேன், வரிசை எண் ஒன்றில் பெரியம்மா பெயரை எழுதினேன். மீதியை வீட்டில் எழுதலாம் என்று பையில் வைத்தேன்.

சாயங்காலம் அம்மா பூட்டைத் திறந்து உள்ளே போய், பெரியம்மாவுக்கு டீ கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இன்னா எழுதற?”

சொன்னேன். அக்கா பெயர் எங்கே இருக்கிறது காட்டு என்றாள். காட்டினேன். விரலை அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டாள். பசை பட்டுப் பட்டு வழுவழுப்பாகிப் போன விரல்.

“இது எந்த நாளு?”

சொன்னேன்.

“அன்னிக்கு அக்கா எங்க இருந்தா?”

“வீட்லம்மா.”

“பூட்டி வெச்சிருந்தேன்.” சாவியை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தாள். “நீ எழுதிட்டா நான் பூட்டவே இல்லன்னு ஆயிடுமா? இம்மாம் படிச்சிட்டு எழுதறதுக்கு உனக்கு இதான் கெடச்சுதா?”

மேனேஜர் சொன்னது, தலைவி சொன்னது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. இது உறைத்தது. பதிவேட்டில் பக்க எண் அச்சடித்திருந்ததால் கிழிக்க முடியாது. பக்கத்தின் குறுக்கே பெரிய கோடு ஒன்று போட்டேன். ‘இப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கீழே பட்டத்தையும் போட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அம்மாதான் பேசினாள். இரண்டே வாக்கியம். “நம்ம வீட்டுப் பெருசுங்க தெனமும் இங்கதான் உக்காந்திருக்குதுங்கன்னு வாசல்ல எழுதி மாட்டியிருக்கான். திங்கக்கெழம கூட்டிட்டு வாங்கடி, அவன் பொய் சொன்னவனா ஆவ வேணாம்.” வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வருகிறோம் என்று எழுதி நான் வைத்த தாளில் அவள்தான் முதலில் தன் பெயரை எழுதினாள். கைநாட்டு வைக்க வந்தவர்களுக்கு மைப்பெட்டியை நானே பிடித்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ் டிரைவர் கதவை மறித்தார். “ஐடி இல்லாதவங்கள ஏத்தினா என் வேல பூடும்மா.”

மஞ்சள் கோட்டோடு அம்மா படியில் ஏறி நின்றாள். “ரிசப்ஷன்ல போட்டோ மாட்டியிருக்குதே, அத வுட ஐடி உனக்கு இன்னா வேணும்?”

டிரைவர் வழி விட்டார். பெரியம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். “பஸ் போய்டுச்சா?” என்று ஒரு முறை கேட்டார். “இதான் பெரிம்மா, இதுலதான் இருக்கோம்” என்றேன். பிறகு அன்று முழுக்க அந்தக் கேள்வி வரவில்லை.

காப்பகச் சாவி என்னிடம்தான் இருக்கும், அதற்கும் ஒரு பதிவேடு உண்டு. திறந்தேன். சின்ன நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, கேன்டீன் நாற்காலிகளைப் பெண்கள் வரிசையாகத் தூக்கி வந்து போட்டார்கள். கோடு போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அன்றைய தேதி எழுதினேன். வரிசை எண் ஒன்று. பெயர். உறவு: லைன் லீடரின் அக்கா. வயது என்ற கட்டம் வந்ததும் வழக்கத்துக்காகக் கேட்டேன்.

“பதினெட்டு முடிஞ்சிடுச்சுங்க மேடம்” என்றார் பெரியம்மா.

எழுபத்தொன்று என்று எழுதினேன். வந்த நேரம் ஏழு முப்பத்தைந்து.

கோடு போட்ட பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பெண்கள் கையெழுத்திட்ட தாளையும் படம் எடுத்தேன். ‘தொழிலாளிகள் யார் வேண்டுமானாலும் எங்களுக்கு நேரடியாக எழுதலாம்’ என்று ஷூ வாங்குகிற அந்த வெளிநாட்டுக் கம்பெனி கொடுத்த அறிவிப்பு, கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. ஒட்டியது நான்தான். இதுவரை அந்த முகவரிக்கு யாரும் எழுதியதில்லை என்று மாதா மாதம் எழுதி வந்ததும் நான்தான். அந்த முகவரிக்கு மூன்று படத்தையும் அனுப்பினேன். காப்பகம் இன்று தொடங்கியது, இதற்கு முன் நடக்கவில்லை, நாளையும் நடக்குமா என்று நீங்கள் வந்து பாருங்கள் என்று எழுதினேன்.

அனுப்பிய பிறகுதான் மேனேஜர் போன் வந்தது. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வா என்றார்.

“பதிவேட்டுல இன்னும் எழுதிட்டிருக்கேன் சார்” என்றேன். “ரெண்டாவது பஸ் இப்பத்தான் வருது.”